தண்ணீரை நிற்க விடாதவர்கள்

எங்கள் அடுக்குமாடியில் வருடத்துக்கு ஒரு வீடாவது வெளிநாடு போய்வந்து மற்றவர்கள் உயிரை எடுக்கும். மூன்றாம் மாடி சுவிட்சர்லாந்து போனது. பனியைப் பற்றி அந்த அம்மாள் பேசிப் பேசியே எனக்கு ஜலதோஷம் பிடித்துவிட்டது. முதல் மாடி துபாய் போய்விட்டு வந்து, பேரீச்சம்பழத்தைத் தங்கம் மாதிரிக் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தது. என் முட்டிக்கும் பென்ஷனுக்கும் எட்டுகிற வெளிநாடு கர்நாடகாதான். சிரிக்காதீர்கள். வேறு எழுத்தில் பெயர்ப் பலகை, வெல்லம் போட்ட சாம்பார், தெரியாத பாஷையில் திட்டுகிற கண்டக்டர். வெளிநாட்டுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

கூப்பிட்டவள் ஸ்டெல்லா. வேலூரில் கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். கல்யாணம் செய்துகொண்டு கோலார் தங்கவயலுக்குப் போய், அங்கேயே பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வுபெற்று, இப்போது ஊரை மேய்த்துக்கொண்டிருக்கிறாள். போனை எடுத்ததும் நலம் விசாரிக்கிற பழக்கமெல்லாம் அவளுக்குக் கிடையாது.

"ஏ விஜயா, அந்த பைனாகுலர் இன்னும் வச்சிகினு கீறியா?"

"இருக்கு. எதுக்கு?"

"எடுத்துகினு கெளம்பி வா. சனிக்கிழம ஆபீசரம்மா வர்றாங்க. அவங்களுக்குக் குருவி காட்டணும்."

அந்த பைனாகுலர் என் மகன் வாங்கிக் கொடுத்தது. ரிட்டயர் ஆகிவிட்டாய், பால்கனியில் உட்கார்ந்து பறவை பார் என்றான். எங்கள் பால்கனிக்குக் கீழே ஓடுவது கூவம். அதை நம்பி வாழ்கிற பறவை காக்காய் ஒன்றுதான், அதைப் பார்க்கக் கண்ணாடி எதற்கு? எதிர் வீட்டில் அன்றைக்கு என்ன குழம்பு என்று தெரிந்துகொள்ளத்தான் இத்தனை நாளும் அது பயன்பட்டது.

விஷயம் இதுதான். மைசூர் மைன்ஸ் பக்கம், சுரங்கத் தொழிலாளிகளின் லைன் வீடுகளுக்குப் பின்னால் ஓர் ஓடை இருக்கிறது. ஊரில் அதைக் காவா என்பார்கள். சுரங்கத்து மண் மேட்டிலிருந்து சரிந்து வந்து, வீடுகளைச் சுற்றிக்கொண்டு, ஒரு குட்டையில் போய் விழும். வருடக்கணக்கில் அதில் குப்பையைத் தவிர எதுவும் ஓடவில்லை. ஸ்டெல்லா ரிட்டயர் ஆன கையோடு அதைப் பிடித்துக்கொண்டாள். பழைய சுரங்கத் தொழிலாளிகளையும் லைன் வீட்டுப் பெண்களையும் சேர்த்து, குப்பையை அள்ளி, வெட்டிவேர் நட்டு, கல் அடுக்கி, தண்ணீர் ஓடுகிற மாதிரி செய்துவிட்டாள். இந்த நேரத்தில் அதன் மேல் சிலாப் போட்டு மூடிவிட நகராட்சியில் ஒரு யோசனை வந்தது. மூடினால் கொசு போகும், மேலே வண்டி நிறுத்தலாம் என்று லைனிலேயே பாதிப் பேர் அதன் பக்கம். ஸ்டெல்லா நடையாய் நடந்ததில், அதிகாரி அம்மாள் நேரில் வந்து பார்க்க ஒப்புக்கொண்டார். குட்டையில் தண்ணீர் நின்று, அதில் உயிர் இருந்தால் ஓடை பிழைக்கும். இல்லையென்றால் சிலாப்.

வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தேன். சேர்ந்தேன் என்பது சும்மா பேச்சுக்கு. "இங்கிலீஷ் பேரா ஒரு ஸ்டேஷன் வரும், அங்க எறங்கிடு" என்று ஸ்டெல்லா சொல்லியிருந்தாள். கோரமண்டல் என்று பலகை வந்தது, இறங்கிவிட்டேன். அவள் சொன்னது சாம்பியனாம். இந்த ஊரில் வெள்ளைக்காரன் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் பேர் வைத்துவிட்டுப் போயிருப்பது எனக்கு எப்படித் தெரியும்? ரயில் போனபின் நானும் ஒரு நாயும் மட்டும் பிளாட்பாரத்தில் நின்றோம். நாய்க்கு அது சொந்த ஊர்.

வெளியே ஒரே ஓர் ஆட்டோ. பின் சீட்டு முழுக்கத் தட்டுத் தட்டாக பன்.

"கோரமண்டல்ல இன்னாத்துக்கு எறங்கினீங்க மேடம்? இங்க ஒண்ணியும் இல்லியே" என்றார் ஓட்டுநர். கன்னடப் பேச்சை எதிர்பார்த்து மனப்பாடம் செய்து வைத்திருந்த என் இரண்டு வாக்கியங்களும் வீணாய்ப் போயின. ஊரே தமிழ் பேசுகிறது, அதுவும் எங்கள் வடாற்காட்டுத் தமிழ்.

பன்னுக்கு நடுவில் எனக்கு இடம் செய்து, ஒரு தட்டைத் தூக்கி என் மடியில் வைத்தார். "கெட்டியா புடிச்சிக்கோங்க. மூணு கடைக்கு போட்டுட்டு உங்கள வுட்டுடறேன்." கழுத்தில் பைனாகுலரும் மடியில் பன்னுமாக ஊர்வலம் போனேன். மேடு பள்ளத்தில் ஒரு பன் எகிறி என் கைப்பைக்குள் விழுந்தது. சத்தியமாகத் தானாகத்தான் விழுந்தது. அதைப் பிறகு ஸ்டெல்லா வீட்டில் சாப்பிட்டேன், நன்றாகவே இருந்தது.

வழியில் ஒரு பெரிய சாம்பல் நிற மலை. செடி இல்லை, கொடி இல்லை, கத்தியால் வெட்டிய கேக் மாதிரி நின்றது. "இது என்ன மலை?" என்றேன்.

"மலயா? அது மில்லு மண்ணு மேடம். சைனைட் டம்ப்பு. தங்கத்த வெள்ளக்காரன் எடுத்துகினு பூட்டான், மண்ண நமக்கு வுட்டுட்டான்" என்று சொல்லி அடுத்த கடையில் பன் இறக்கப் போய்விட்டார்.

மத்தியானம் களியும் கறிக்குழம்பும். கேழ்வரகுக் களியை உருட்டி வாயில் போட்டு நாகரிகமாக மென்றுகொண்டிருந்தேன். ஸ்டெல்லா என் தட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "மெல்லாதடி, பல்லுல ஒட்டிகினு சாயங்காலம் வரைக்கும் கூடவே கெடக்கும். குழம்புல முக்கு, முழுங்கு." முழுங்கினேன். தொண்டையில் இறங்கும்போது ஒரு நிமிடம் குலதெய்வத்தை நினைத்துக்கொண்டேன். இரண்டாவது உருண்டையிலிருந்து பழகிவிட்டது. மூன்றாவதை நானே கேட்டு வாங்கினேன்.

வெயில் தாழ்ந்ததும் ஓடைக்குக் கூட்டிப்போனாள். கூவத்தின் கரையில் வாழ்கிறவளுக்கு ஓடை என்றால் மூக்கைப் பொத்த வேண்டும் என்று கைக்குட்டையைத் தயாராக வைத்திருந்தேன். பொத்த வேண்டியே வரவில்லை. மேட்டுப் பக்கத்தில் வெட்டிவேர் வரிசை வரிசையாக நின்று மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதைத் தாண்டிச் சின்னச் சின்னக் கல் தடுப்புகள். ஒவ்வொன்றின் முன்னாலும் தண்ணீர் கொஞ்சம் நின்று, மண்ணைக் கீழே விட்டுவிட்டு, தெளிந்து அடுத்ததற்குப் போனது. கடைசியில் குட்டை. ஒரு கல்யாண மண்டபச் சாப்பாட்டுக் கூடம் அகலம் இருக்கும், முழங்கால் ஆழம். ஓரத்தில் கோரை, அதன் மேல் தும்பி. எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைப்பானேன்.

"மொதல்ல லிட்மஸ் காயிதத்த முக்கினா ரத்தம் மாதிரி செவக்கும். அவ்ளோ புளிப்பு. இப்ப பாரு" என்று ஒன்றை முக்கிக் காட்டினாள் ஸ்டெல்லா. நிறம் மாறினதா இல்லையா என்று நான் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. "தண்ணி அவசரமா ஓடினா விஷத்தயும் இஸ்துகினு ஓடும். நின்னு நிதானமா போனா கீழ வுட்டுட்டு போவும். இத புரிய வைக்கறதுக்குள்ள எனக்கு முடி நரச்சி போச்சி." அவளுக்கு முடி நரைத்தது கல்லூரி மூன்றாம் வருடத்திலேயே. நான் சொல்லவில்லை.

புரிய வைக்க வேண்டியிருந்த ஆள் குட்டைக் கரையில் விசிலோடு நின்றிருந்தார். கௌதமன் அண்ணன். சுரங்கத்தில் பம்பு ஓட்டினவர், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மைன் மூடும்வரை பூமிக்கு அடியில் தண்ணீரை இறைத்து மேலே அனுப்புவதே அவர் வேலை. இப்போது ஓடை வேலைக்கு அவர்தான் தலைவர். அவர் ஆட்கள் எல்லோருமே சுரங்கத்திலிருந்து வந்தவர்கள், யாருக்கும் அறுபதுக்குக் குறையாது. ஷிப்ட் போட்டுத்தான் வேலை. வேலைக்கு இறங்கும்போது ஆளுக்கொரு சோடா மூடியை வேப்ப மரத்து ஆணியிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும், ஏறும்போது திரும்ப மாட்ட வேண்டும். சுரங்கத்தில் டோக்கன் வைத்த பழக்கம். ஆணி காலியாக இருந்தால் ஒருத்தன் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். முழங்கால் தண்ணீரில் யார் தொலைந்துபோவார்கள் என்று கேட்டேன். "பழக்கம் மேடம்" என்றார்.

யார் ஓடையில் குப்பை போட்டுப் பிடிபட்டாலும் அன்றைய ஷிப்டுக்கு அவர்கள் வீட்டில்தான் டீ. அதனால் குப்பை விழாத நாட்களில் ஆட்கள் கொஞ்சம் சோர்ந்துபோவார்களாம்.

வெள்ளிக்கிழமை நானும் இறங்கினேன். முதலில் பிரார்த்தனை. புரொட்டஸ்டன்ட் ஆனதால் ஸ்டெல்லா நீளமாக ஜெபித்தாள். கத்தோலிக்கர்கள் சிலுவை போட்டு முடித்தார்கள். கௌதமன் அண்ணன் வீட்டார் பௌத்தர்கள். "எங்களுக்கு சாமி இல்ல, டீ மட்டும்தான்" என்று சொல்லிக் கிளாஸைத் தூக்கினார். எனக்கு ஒரு சோடா மூடியும் வளைந்த கம்பியும் கொடுத்தார்கள். கம்பியால் கோரைக்குள் சிக்கியிருந்த ஷாம்பு பாக்கெட்டுகளை இழுத்தேன். கழுத்தில் பைனாகுலர் தொங்கியதால் அதற்குள் எனக்குப் 'பறவை மேடம்' என்று பெயர் வந்துவிட்டது. மறுத்துப் பேச ஸ்டெல்லா விடவில்லை. கண்ணாலேயே முறைத்தாள்.

கௌதமன் அண்ணனுக்கும் அவளுக்கும் வாய்ச்சண்டை நிற்கவே இல்லை.

"டீச்சரம்மா, இந்தத் தடுப்ப கொஞ்சம் எறக்கிடலாமா? தண்ணி தேங்கிகினே கீது."

"தேங்கணும்னுதான் கட்டினோம்."

"தேங்கினா வேல கெட்டுடும். எங்க மைன்ல தேங்க வுட்டா தொலச்சிடுவாங்க."

"இது மைன் இல்ல கௌதமா! எத்தினி வாட்டி சொல்றது?"

"சரிம்மா, சரிம்மா" என்று நகர்வார். கொஞ்ச நேரத்தில் வேறொரு தடுப்பின் மேல் கால் வைத்துக்கொண்டு, அதை எங்கே உடைக்கலாம் என்று பார்த்துக்கொண்டு நிற்பார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று ஸ்டெல்லா முணுமுணுத்தாள்.

சாயங்காலம் மழை பிடித்தது. அப்படி ஒரு மழை. குட்டை முழங்காலிலிருந்து இடுப்புக்கு ஏறியது. ஸ்டெல்லாவுக்குத் தலைகால் புரியவில்லை. "ஆண்டவரே அனுப்பிட்டார்டி! நாளைக்கு ஆபீசரம்மா வந்து பாக்கட்டும், கடல் மாதிரி நிக்கும்!" என்று குடையை விட்டுவிட்டு நனைந்தாள். கௌதமன் அண்ணன் கோணி ஒன்றைத் தலையில் போட்டுக்கொண்டு கரையில் நின்றிருந்தார். அவர் முகத்தில் மட்டும் சந்தோஷம் இல்லை. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

விடியற்காலையில் தூக்கத்தில் எங்கேயோ டுக் டுக் டுக் என்று எஞ்சின் சத்தம். ஏதோ மாவு மில் என்று நினைத்துப் புரண்டு படுத்தேன். ஸ்டெல்லாவும் யாரோ போர் போடுகிறார்கள் என்று நினைத்தாளாம். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மூளைகூட அன்றைக்கு வேலை செய்யவில்லை.

காபி குடித்துவிட்டு, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, ஆபீசரம்மாவுக்குச் சால்வையும் பிஸ்கட்டுமாகக் குட்டைக்குப் போனோம். குட்டை இல்லை.

பள்ளம் இருந்தது. அதில் சேறு இருந்தது. கரைக் கல்லுக்கெல்லாம் பளிச்சென்று சுண்ணாம்பு அடித்திருந்தது. ஓரத்தில் ஓடை வேலைக்கு வைத்திருந்த டீசல் பம்பு எஞ்சின், அதிலிருந்து ரோட்டுச் சாக்கடை வரை குழாய். அதன் பக்கத்தில் தேய்த்த சட்டையும் துடைத்த பழைய சுரங்க ஹெல்மெட்டுமாகக் கௌதமன் அண்ணன். அவர் பின்னால் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். எங்களைக் கண்டதும் சல்யூட் அடித்தார்.

"டீச்சரம்மா, பாத்துக்கோங்க. ஒரு சொட்டு கெடையாது!"

"தண்ணி எங்க?" என்றாள் ஸ்டெல்லா காற்றாக.

"எடுத்துட்டோம்."

"எதுக்கு எடுத்தீங்க?"

"இன்ஸ்பெக்‌ஷன் ஆச்சேம்மா!" என்றார். இதைக்கூடவா கேட்பார்கள் என்று அவர் முகத்தில் ஓர் ஆச்சரியம்.

விஷயம் அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. சுரங்கத்துக்குள் இன்ஸ்பெக்டர் இறங்குகிறார் என்றால் முதல் நாளே எல்லா லெவலிலும், அதாவது அடுக்கடுக்காக வெட்டிய அத்தனை தளத்திலும், தண்ணீரை இறைத்து, காயவைத்து, சுண்ணாம்பு அடித்துவிட வேண்டும். தண்ணீர் நின்றால் பம்புக்காரன் செத்தான். ராத்திரி முழுக்க மழையைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு, நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன், இடுப்பளவு தண்ணீர் என்ற இரண்டும்தான் மண்டைக்குள் ஓடியிருக்கின்றன. ஆட்களை எழுப்பியிருக்கிறார். அவர்களில் ஒருத்தருக்குக்கூட இது தப்பு என்று தோன்றவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள், இங்கே குரங்குக்குச் சுண்ணாம்பும் அடித்துச் சல்யூட்டும் வைத்தார்கள்.

கௌதமன் அண்ணன் மகள் கீர்த்தனா ஓடி வந்தாள். தினம் ரயிலில் பெங்களூர் போய்வருகிற பெண், அன்றைக்கு ஆபீசரம்மாவிடம் நல்ல கன்னடத்தில் எடுத்துச் சொல்வதற்காக லீவு போட்டிருந்தாள். "அய்யோ தேவரே! அப்பா, சீரியஸா? குட்டையவே காலி பண்ணிட்டியா?" என்று கன்னடத்துக் கடவுளையும் சேர்த்துக் கூப்பிட்டுத் தலையில் கை வைத்தாள். மகள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்குப் புரிய ஆரம்பித்தது. ஹெல்மெட்டைக் கழற்றினார். குட்டையைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார், ஸ்டெல்லாவைப் பார்த்தார். அவள் சேற்றுக் கரையில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். விடுதியில் அவள் அப்பா இறந்த தந்தி வந்த அன்றைக்குப் பிறகு அவள் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு அந்த மனிதரைப் பிடித்து நாலு சாத்து சாத்த வேண்டும்போல் இருந்தது.

கவர்மெண்ட் ஜீப் சொன்ன நேரத்துக்கு முன்னால் வந்ததாக சரித்திரத்திலேயே கிடையாது. அன்றைக்கு வந்தது.

இறங்கிய அதிகாரி அம்மாள் மெலிந்த, வேகமாக நடக்கிற பெண்மணி. குட்டையைப் பார்த்தார். "தண்ணீர் நிற்கிறது என்றுதானே எழுதினீர்கள்? எங்கே?" என்று கன்னடத்தில் கேட்டார். கீர்த்தனா மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இல்லை, எல்லோருக்கும் புரிந்தது. கௌதமன் அண்ணன் ஹெல்மெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். சுண்ணாம்பு மட்டும் பளபளத்தது.

அப்போதுதான் கொக்குகள் வந்தன. முதலில் ஒன்று. பிறகு வானத்திலிருந்து யாரோ மூட்டையைக் கவிழ்த்த மாதிரி. குட்டையின் நடுப்பள்ளத்தில், பம்பின் வாய்க்கு எட்டாத இடத்தில், கொஞ்சம் தண்ணீர் தங்கியிருந்தது. குட்டையிலிருந்த அத்தனை மீனும் தவளையும் தலைப்பிரட்டையும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு துள்ளின. வெள்ளைக் கொக்கு, மடையான், ஒரு மீன்கொத்தி, சிவந்த நெட்டைக் காலோடு பெயர் தெரியாத இன்னொன்று. ஊர்ப் பறவைகள் முழுக்கப் பந்தியில் உட்கார்ந்துவிட்டன.

ஸ்டெல்லா மூக்கைச் சிந்திவிட்டு என் இடுப்பில் ஒரு குத்து விட்டாள். நான் பைனாகுலரைக் கழற்றி ஆபீசரம்மாவிடம் நீட்டினேன். பதற்றத்தில் தலைகீழாக நீட்டினேன், அவர் திருப்பிப் பிடித்துக்கொண்டார்.

"அந்தச் சிவப்புக் கால் என்ன பறவை?" என்று அவர் என்னைக் கேட்டதைக் கீர்த்தனா தமிழில் சொன்னாள். பறவை மேடம் விழித்தேன். கீர்த்தனா போனில் தேடி, "நெடுங்கால் உள்ளான்" என்று என் காதில் ஓதினாள். "நெடுங்கால் உள்ளான்" என்றேன் நான், பிறந்ததிலிருந்து அதோடு பழகினவள் மாதிரி.

ஆபீசரம்மா நிறைய நேரம் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி அந்தக் குழியில் இருந்த தண்ணீரில் ஸ்டெல்லாவின் லிட்மஸ் காகிதத்தை முக்கினார். "இத்தனை மீன் இருந்ததா இதில்?" என்றார். இருந்தது. இடுப்பளவு தண்ணீராக நின்றிருந்தால் அது ஒன்றுகூட அவர் கண்ணில் பட்டிருக்காது. ஆனால் எங்கள் சாட்சிகளை எல்லாம் கொக்கு ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தது.

"தண்ணீரை இறைத்தது யார்?"

கௌதமன் அண்ணன் முன்னால் வந்தார். தனக்குத் தெரிந்த கன்னடத்தில் பேசினார். கீர்த்தனா எனக்காக மெல்லத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். நான்தான் அம்மா, இவர்கள் மேல் தப்பு இல்லை. இன்ஸ்பெக்‌ஷன் என்றதும் கை தானாகப் போய்விட்டது. மைனை மூடினபோது என் பம்பை நானே என் கையால் நிறுத்தினேன். அப்புறம் தண்ணீர் ஏறி ஏறி மைன் முழுகிப் போனது. நான் வேலை செய்த இடம் எல்லாம் இப்போது தண்ணீருக்குள் கிடக்கிறது. அன்றையிலிருந்து எங்கே தண்ணீர் நிற்பதைக் கண்டாலும் எனக்குத் தூக்கம் வராது.

சொல்லச் சொல்ல அந்தப் பெண்ணின் குரல் இறங்கிவிட்டது. "எனக்கே தெரியாது ஆன்ட்டி. அப்பா இத வீட்ல சொன்னதே இல்ல" என்றாள். சாத்த வேண்டும் என்று துறுதுறுத்த கையை நான் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டேன்.

ஆபீசரம்மா ஈரக் காலைத் துடைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். "ஐப்பசி மழை முடிந்ததும் சொல்லாமல் வருவேன். தண்ணீர் நின்றால் சிலாப் கிடையாது. மறுபடி யாராவது இறைத்திருந்தால் அடுத்த நாளே சிலாப் வேலை ஆரம்பிக்கும்." சால்வையை வாங்கிக்கொள்ளவில்லை. பிஸ்கட்டில் ஒன்று எடுத்துக்கொண்டார்.

ஜீப் போனதும் கௌதமன் அண்ணன் எஞ்சினிடம் போனார். அதைக் கிளப்புகிற ஹாண்டில், முழங்கை நீளத்துக்கு வளைந்த இரும்பு, அதை உருவிக்கொண்டு வந்தார். ஸ்டெல்லா கையை நீட்டினாள்.

"உங்ககிட்ட வேணாம் டீச்சரம்மா. நான் கேட்டா மனசு எளகி குடுத்துடுவீங்க. மழ பெய்ற அன்னிக்கு என்ன நம்பாதீங்க" என்று சொல்லி, என் பக்கம் திரும்பி அதை என் கையில் வைத்தார். "மெட்ராசுக்கு எடுத்துகினு பூடுங்க மேடம்."

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். ரயிலில் போலீஸ்காரர் ஒருவர் என் பையைத் தடவிப் பார்த்து, "இது என்னம்மா ஆயுதம்?" என்றார். பம்பு ஹாண்டில் என்றேன். பம்பு எங்கே என்றார். பம்பு தங்கவயலில், ஹாண்டில் மட்டும் சென்னைக்கு என்றேன். அவர் என் கழுத்து பைனாகுலரையும் ஹாண்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். எதிர் சீட்டுக்காரர் பக்கத்திலிருந்த மனைவியிடம், "வயசானா அப்படித்தான், பாவம்" என்று தெலுங்கில் சொன்னது எனக்குப் புரிந்தது. அவர் சமோசா சாப்பிட்டு முடிக்கும்வரை அவரையே பைனாகுலரில் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஹாண்டில் எங்கள் வரவேற்பறையில் காலண்டர் ஆணியில் தொங்குகிறது. மூன்றாம் மாடி அம்மாள் பார்த்துவிட்டு, போன இடத்து நினைவுப் பரிசா என்று கேட்டாள். ஆமாம், தங்கவயலில் இதுதான் கிடைத்தது என்றேன்.

ஐப்பசி பிறந்ததும் போன் வர ஆரம்பித்தது.

"மேடம், இங்க நல்ல மழ. தண்ணி முட்டி வரைக்கும் வந்துடிச்சி."

"அப்படியா அண்ணே. சூடா டீ குடிங்க."

அடுத்த நாள்: "இடுப்பு வரைக்கும் வந்துடிச்சி மேடம். ஒண்ணுமில்ல, அந்த ஹாண்டில் துரு புடிச்சிடும். பார்சல்ல போட்டு வுட்டா நான் எண்ண போட்டு வைப்பேன்." திருட்டு முழியைப் போனிலேயே பார்க்க முடிந்தது. நானே எண்ணெய் போடுகிறேன் என்று சொல்லி வைத்தேன். மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு குட்டையையே சுற்றிச் சுற்றி வருகிறார் என்று ஸ்டெல்லா சொன்னாள். அவள் வாயில் அவரைத் திட்டுவது குறைந்திருந்தது. எனக்கு ஒரு விஷயம் அப்போதுதான் உறைத்தது. அந்த ஊரில் லேத் பட்டறைக்குப் பஞ்சமா? ஒரு டீ குடிக்கிற நேரத்தில் அவர் வேறு ஹாண்டில் அடித்திருக்கலாம். அடிக்கவில்லை.

மழை ஓய்ந்த வாரம் ஆபீசரம்மா சொன்னபடி சொல்லாமல் வந்தார். இடுப்பளவு தண்ணீர் நின்றது. சிலாப் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். ஸ்டெல்லா போனில் கத்திய கத்தலில் எனக்குக் காது அடைத்தது. நானும் கத்தினேன். கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து என்ன ஆயிற்று என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் கௌதமன் அண்ணன் கூப்பிட்டார். "மேடம், குட்டையில முக்குளிப்பான் வந்து கீது. நாலு குஞ்சு. அம்மா முதுகு மேலயே ஏறி ஒக்காந்துகினு போவுதுங்க. தண்ணி அசையாம நிக்கிது."

"உங்களுக்குத் தூக்கம் வருதா அண்ணே?"

அவருக்குப் பின்னால் தவளைகள் கத்தின. "கரை மேலயே ஒக்காந்து கண்ணு அசந்துட்டேன், நேத்து. பொண்ணு வந்து எழுப்பி இஸ்துகினு போனா."

"எல்லாம் முடிஞ்சுதே அண்ணே, ஹாண்டிலை அனுப்பிடட்டுமா?" என்றேன்.

"வேணாம் மேடம்" என்றார் சட்டென்று. "அடுத்த வருசமும் மழ வரும். உங்ககிட்டயே இருக்கட்டும்."

சரி என்று போனை வைத்துவிட்டு, சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெயை எடுத்துவந்து ஹாண்டிலுக்குப் போட்டேன்.